மண்டபம் சாலையில் ஒரு நீச்சல் குளம்: ஊருணியில் நீந்தப் பழகியவளின் மதிப்பீடு

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் சாலையில், வடகடல் (பாக் விரிகுடா) பக்கமாகப் பிரியும் கிளைச்சாலை ஒன்றின் கடைசியில் ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. அதன் நீச்சல் குளத்துக்கு, என் மகள் வயிற்றுப் பேத்தியை அழைத்துக்கொண்டு சித்திரை மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள் போய்வருகிறேன். விடுதியில் தங்காதவர்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு குளத்தைத் திறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சியும் அளிக்கிறார்கள். இதுவரை 36 வகுப்புகள் முடிந்திருக்கின்றன. பேத்திக்கு எட்டு வயது. பிள்ளைக்கு நீச்சல் பழக்க நினைத்தும் எங்கே அனுப்புவது என்று தெரியாமல் இருக்கும் இப்பகுதிப் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் விடுதியின் பெயரை எழுதவில்லை.

குளம் நல்ல குளம், பயிற்சியாளர் பொறுப்பானவர், பிள்ளையை நம்பி விடலாம் என்பதுதான் என் முடிவு. உடை மாற்றும் அறையும் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கும் நேரமும் சரியில்லை. கட்டணம் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. இந்த மூன்றையும் விரிவாகச் சொல்வதற்கு முன்னால், நான் எதை அளவுகோலாக வைத்துக்கொண்டு இந்தக் குளத்தைப் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் தலைமுறைக்காரர்கள் பலருக்கும் அதே அளவுகோல்தான் இருக்கும்.

நான் நீந்தப் பழகியது 1970களின் பிற்பகுதியில், ராமநாதபுரத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரின் ஊருணியில். பேச்சில் ஊரணி என்போம். எங்கள் ஊரில் ஊருணிகள் இரண்டு இருந்தன. ஒன்று குடிதண்ணீர் ஊருணி. அதைச் சுற்றி முள்வேலி அடைத்து, கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். அதில் எடுத்த நீரைத்தான், பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்துக் குடித்தோம். மற்றொன்று குளிக்கிற ஊருணி. துவைப்பதும் குளிப்பதும் மாட்டைக் கழுவுவதும் பிள்ளைகள் கும்மாளமிடுவதும் அதில்தான். கரையில் ஒரு பூவரச மரம் நீரின் மேல் சாய்ந்து நின்றது. பையன்கள் அதன் கிளையிலிருந்து குதிப்பார்கள்; யாராவது ஒருவர் வீட்டு லாரி டியூப் எப்போதும் நடுவில் மிதந்துகொண்டிருக்கும்.

ஊருணியின் படித்துறையில் பதினொரு படிகள். எங்கள் ஊரில் ஆழத்தை அடிக்கணக்கில் சொன்னதில்லை, படிக்கணக்கில்தான் சொல்வோம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும் மாவட்டம் இது. வைகையும் எங்கள் பக்கம் வந்து சேரும்போது கடைசி மூச்சோடுதான் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழும். கண்மாய் பெருகி, வரத்துக்கால் வழியாக ஊருணி நிரம்பினால் கார்த்திகைக் கடைசியில் மூன்று படிதான் வெளியே தெரியும். அப்போது சின்னப் பிள்ளைகள் இறங்கக் கூடாது. தை பிறக்கும்போது ஆறு படி தெரியும். பழகுவதற்கு அதுதான் பருவம். மாசியில் ஒன்பது. பங்குனியில் பதினொரு படியும் தெரிந்து, அதற்குக் கீழே சேறு தெரியும், பையன்கள் கெளுத்தியும் விராலும் தேடி இறங்கிவிடுவார்கள். ஆக, எங்களுக்கு நீச்சல் என்பது வாடைக்காற்று அடிக்கும் குளிர்காலத்து விளையாட்டு. கோடைக்கும் நீச்சலுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசுவதை நான் வேலைக்குப் போன பிறகுதான் வெளியூர்க்காரர்களிடம் கேட்டேன்.

எனக்குப் பழக்கிவிட்டவர் என் அப்பத்தா. காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கழுத்தோடு கழுத்து சேர்த்து, தேங்காய் நார்க் கயிற்றால் என் இடுப்பின் இரு பக்கமும் கட்டுவார். கயிறு நனைந்ததும் இறுகி, இடுப்பில் சிவப்பாக வரி விழும். அவர் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏழாவது படியில் நின்று, வலது உள்ளங்கையை என் வயிற்றுக்குக் கீழே ஏந்திக்கொள்வார். "காலை உதறுடி. தண்ணியை அள்ளிப் பின்னாலே போடு" என்பதைத் தவிர வேறு பாடம் எதையும் அவர் சொன்னதில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு குடுக்கையை அவிழ்த்துவிட்டார். பிறகொரு நாள் எதிர்க்கரை வரைக்கும் போய்த் திரும்பிவந்து படியைப் பிடித்த பிறகுதான், இடுப்பில் வெறும் கயிறு மட்டும் இருப்பதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவருடைய கை எப்போது விலகியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடற்கரை மாவட்டத்தில் இருந்துகொண்டு ஏன் ஊருணியையும் நீச்சல் குளத்தையும் பேச வேண்டும், கடலில் பழகக் கூடாதா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. கடற்கரையிலேயே பிறந்து வளரும் மீனவர் பிள்ளைகளுக்குக் கடலே வீட்டு முற்றம். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்து வருகிறார்கள். கீழக்கரையில் சங்கு குளிப்பவர்களின் மூச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் கடலிலிருந்து நாலைந்து மைல் உள்ளே இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் கடல் பழகும் இடமாக இருந்ததில்லை. வடகடலில் நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு நீர்தான். காலடியில் சேறும் கடற்புல்லும். புல்லுக்குள் திருக்கை படுத்திருக்கும், சில மாதங்களில் சொறி என்னும் ஜெல்லிமீன் வரும், பட்டால் மேலெல்லாம் தடித்துவிடும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஆழம் உண்டு, ஆனால் பவளப்பாறை காலைக் கிழிக்கும். கச்சான் காற்று எழும்பிவிட்டால் அலை பெரியவர்களையே புரட்டும். தனுஷ்கோடியில் ஒரு பக்கத்தைப் பெண்கடல் என்றும் மறுபக்கத்தை ஆண்கடல் என்றும் மக்கள் பிரித்துச் சொல்வது இந்த வேறுபாட்டைக் கண்டுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, கடலில் குளித்துவிட்டு வந்தால் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்பிய ஊர்களில் அந்தத் தண்ணீரை யார் கொடுப்பார்கள்? ராமேசுவரத்துக் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன என்பது உண்மை. அவை வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்ளும் புனித நீர், நீந்துவதற்கானவை அல்ல.

எனவே ஊருணிகள்தான் எங்களுக்குப் பொது நீச்சல் குளங்கள். ராமநாதபுரம் நகரத்திலேயே முகவை ஊருணி, நீலகண்டி ஊருணி என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டும் அளவுக்கு அவை தெருக்களோடு கலந்திருந்தன. எங்கள் ஊர்க் குளிக்கிற ஊருணிக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சாலையை உயர்த்திப் போட்டபோது வரத்துக்காலுக்குக் குழாய் வைக்க மறந்தார்கள். மழைநீர் சாலையின் மறுபக்கத்திலேயே தேங்கி நின்றது. குழாயில் காவிரி நீர் வரத் தொடங்கியதும், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கோடையில் வண்டல் அள்ளும் வழக்கம் நின்றுபோனது. தண்ணீர் இல்லாத குழிக்குள் சீமைக்கருவேலம் முளைத்தது. பிறகு சாக்கடையை அதற்குள் திருப்பிவிட்டார்கள். 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே கண்மாய்களைத் தூர்வாரும் பணியைத் தொடங்கியபோது எங்கள் ஊருணிக்கும் விடிவு வரும் என்று காத்திருந்தேன். முள்ளை வெட்டினார்கள். படித்துறையில் ஆறு படி மட்டும் வெளியே வந்தது. மற்றவை மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

நீச்சலும் ஊருணியோடு போய்விட்டது. நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, என் வகுப்பில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று ஆண்டுதோறும் கேட்பேன். முதல் சில ஆண்டுகளில் பாதிக்கு மேல் கை உயரும். ஓய்வு பெற்ற ஆண்டில் உயர்ந்தது மூன்று கை. மூவரும் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள். ஒரு மழைக்காலத்தில், சவுடு மண் அள்ளிய பள்ளத்தில் தேங்கியிருந்த நீரில் எங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூழ்கி இறந்தான். கரையில் நின்ற மற்ற மூன்று பையன்களுக்கும் நீந்தத் தெரியாது. அந்தப் பள்ளத்துக்கும் எங்கள் ஊருணிக்கும் நடந்துபோகிற தூரம்தான். பேத்திக்கு எப்படியாவது நீச்சல் பழக்கிவிட வேண்டும் என்று அன்று மனத்தில் விழுந்த எண்ணம்தான் என்னை இந்தக் குளத்துக்குக் கொண்டுவந்தது.

இனி குளத்தைப் பற்றி. 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு முனையில் மூன்றரை அடி, மறுமுனையில் ஐந்தரை அடி ஆழம். கணக்குப் போட்டால் சுமார் 3.4 லட்சம் லிட்டர் நீர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் ஏறத்தாழ 29 நடை. குடிநீருக்கே குடத்தை வரிசையில் வைத்த மாவட்டத்தில் இவ்வளவு நீரை விளையாட்டுக்குக் கட்டி வைப்பது நியாயமா என்ற கேள்வி முதல் நாளே எனக்கு எழுந்தது. பராமரிப்பு ஊழியரிடம் நேரடியாகக் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் விளக்கினார். குளத்தை ஒருமுறை நிரப்பியதோடு சரி, அதே நீரை மோட்டார் வைத்து மணல் வடிகட்டி வழியாகச் சுற்றவிட்டுத் தூய்மைப்படுத்துகிறார்கள். ஆவியாகிப் போவதற்கு மட்டும் புது நீர் சேர்க்கிறார்கள். நாளுக்கு அரை சென்டிமீட்டர் நீர் வெயிலில் போனாலும் இந்தப் பரப்புக்கு அது 1,250 லிட்டர். வடிகட்டியைக் கழுவும் நீர் தென்னங்கன்றுகளுக்குப் போகிறது. இரவில் குளத்தைப் போர்வை போட்டு மூடினால் ஆவியாவது குறையும் என்று நான் சொன்னேன், வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீரின் தரத்தைப் பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், பேத்தி பத்து நிமிடத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆழமான முனையில் தரையின் கறுப்புக் கோடு மங்கலாகத் தெரிந்தது. மேலாளர் "வெயில்தாம்மா காரணம்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீரைச் சோதித்துக் காட்டும்படி கேட்டேன். பராமரிப்பு ஊழியர் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வண்ணப் பட்டைகள். முழங்கை ஆழத்தில் கையை விட்டு நீரை மொண்டு, ஒன்றில் ஒரு மருந்தும் மற்றொன்றில் வேறொரு மருந்தும் ஐந்தைந்து சொட்டு விட்டார். ஒரு குழாயில் மஞ்சள் நிறம் வர வேண்டும்; எவ்வளவு அடர்ந்த மஞ்சளோ அவ்வளவு குளோரின். அது வெளிறிய எலுமிச்சைத் தோல் அளவுக்குத்தான் வந்தது. மற்றொன்று நீரின் காரத்தன்மையைக் காட்டுவது. அது இளஞ்சிவப்பைத் தாண்டி ரத்தச் சிவப்பாகிவிட்டது. பிஎச் அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே இருக்க வேண்டும், இது 8-ஐத் தாண்டிவிட்டது என்று அவரே சொன்னார். காரத்தன்மை கூடினால் கண் எரிவதோடு, போட்ட குளோரினும் முழுதாக வேலை செய்யாது. முந்தைய இரவு நெடுநேரம் மின்சாரம் இல்லாமல் மோட்டார் நின்றிருக்கிறது. காலையில் லாரி நீரைச் சேர்த்துவிட்டுச் சோதிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

மறுநாள் குளத்தை மூடிச் சரிசெய்தார்கள். போன வகுப்புக்கு ஈடாக ஒரு வகுப்பு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு காலை, மாலை இரு வேளையும் சோதனை அளவை ஒரு பலகையில் எழுதி வைக்கிறார்கள். மேலாளர் முதலில் சொன்ன பதில் எனக்கு வருத்தத்தைத் தந்தாலும், பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தை மதிக்கிறேன். எந்த நீச்சல் குளத்துக்குப் போனாலும் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் மருந்து அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலப்பதால் எழும் வாடை அது. குளத்தில் இறங்குவதற்கு முன் உடம்பைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்ற விதி அதற்காகத்தான். இங்கே விதி சுவரில் இருக்கிறது. விடுதியில் தங்க வருகிறவர்களிடம் அதை யாரும் வற்புறுத்துவதில்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை.

பயிற்சியாளர்கள் இருவர். பேத்திக்குக் கற்றுக்கொடுத்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். முதல் மூன்று வகுப்பும் கையையும் காலையும் பற்றி அவர் பேசவே இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீருக்குள் வைத்து மூக்கு வழியாகக் குமிழி விடச் சொன்னார். தலையைத் தூக்கி வாய் வழியாக மூச்சு இழுக்கச் சொன்னார். இதையே நூறு முறை. அருகில் உட்கார்ந்திருந்த ஒரு தாய், காசு கொடுத்துக் குமிழி விடவா வந்தோம் என்று முணுமுணுத்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நான்காம் வகுப்பில் பிள்ளைகளை மிதக்கவிட்டபோது ஒருவர்கூடப் பதறவில்லை. மூச்சு அவர்கள் வசப்பட்டிருந்தது. அப்பத்தாவின் சுரைக்குடுக்கை எனக்குப் பயத்தைப் போக்கியது உண்மைதான், ஆனால் மூச்சை அது கற்றுக்கொடுக்கவில்லை. என் முதல் வாரத்தில் நான் குடித்த ஊருணித் தண்ணீர் கொஞ்சமல்ல.

பெண்களுக்கான நேரத்தில் ஒருநாள் நானும் இறங்கினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீந்தாத உடம்பு. கால் தானாக உதறியது, கை தானாக அள்ளியது. அரைக் குளம் போய்த் திரும்பியதும் அந்தப் பயிற்சியாளர் வந்து, "அம்மா, நல்லா நீந்துறீங்க. ஆனா தலையை ஏன் இவ்வளவு தூக்கி வெச்சிருக்கீங்க? கழுத்து வலிக்குமே" என்று கேட்டார். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஊருணி நீர் செம்மண் கலங்கல். அதற்குள் கண்ணைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. எதிரே யார் குதிக்கிறார், டியூப் எங்கே வருகிறது, அப்பத்தா கரையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேதான் நாங்கள் எல்லோரும் நீந்தினோம். எங்கள் ஊர்க்காரர் எங்கே நீந்தினாலும் தலை நிமிர்ந்தே இருக்கும். தெளிந்த நீருக்குள் முகத்தை வைத்து, என் கைகளையே கீழே பார்த்தபடி நீந்தியது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. கண் நிறைந்துவிட்டது, நீருக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

உடை குறித்து: பருத்தித் துணியோடு இறங்க அனுமதி இல்லை. நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும் என்பது காரணம், ஏற்கத்தக்கதே. உடல் முழுவதையும் மூடும் நைலான் நீச்சல் உடைக்கு அனுமதி உண்டு என்பதைப் பல பெண்கள் அறியாமல் தயங்குகிறார்கள். தொலைபேசியில் கேட்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் இன்னும் பலர் வருவார்கள். கீழக்கரையிலிருந்து வரும் ஒரு தாயும் மகளும் தலை முதல் கால் வரை மூடிய உடையில் நிம்மதியாக நீந்துகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் பிற்பகல் 3 முதல் 4 வரை. சித்திரை, வைகாசி வெயிலில், கூரையில்லாத குளத்தில், அந்த நேரத்தைப் பெண்களுக்குக் கொடுத்தவர் ஒருநாளாவது அந்த ஓடுகளின் மேல் வெறுங்காலுடன் நடந்து பார்த்திருக்க வேண்டும். காலை 6 முதல் 8, மாலை 5 முதல் 7 ஆகிய நல்ல நேரங்கள் எல்லாம் பொது நேரம் என்ற பெயரில் ஆண்களிடம் இருக்கின்றன. ஊருணியில் எங்களுக்குத் தனித் துறை இருந்தது. விடிந்தும் விடியாமலும் அம்மாக்கள் போய்க் குளித்து வருவார்கள், பொழுது சாய்ந்த பிறகும் போவார்கள். நேரம் அவர்கள் கையில் இருந்தது.

உடை மாற்றும் அறையில் நான்கு தடுப்புகள், இரண்டில் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை. தரை எப்போதும் ஈரம், துணி மாட்டக் கொக்கிகள் போதாது. அங்குள்ள குளியல் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, குளோரின் தலையிலேயே தங்கிவிடும். வீட்டிலிருந்து ஒரு கேன் நல்ல தண்ணீர் கொண்டுபோவது நல்லது. சிற்றுண்டிக் கடை பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை: தேநீர் சுமார், விலை கூடுதல்.

பாதுகாப்பில் அக்கறை இருக்கிறது, சோர்வும் இருக்கிறது. உயிர்காப்பாளர் ஒருவர் எப்போதும் உண்டு. மிதவை வளையமும் நீண்ட கழியும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளன. பயிற்சி நேரத்தில் அவர் பிள்ளைகள் மேல் வைத்த கண்ணை எடுப்பதில்லை. பொது நேரத்தில் இரண்டு முறை அவர் கைபேசியில் மூழ்கியிருந்ததைப் பார்த்து நானே போய்ச் சொன்னேன். குளத்தின் விளிம்பில் எழுதிய ஆழ அளவுகள் வெயிலில் மங்கி, நாலரை அடியும் ஐந்தரை அடியும் ஒன்றுபோலத் தெரிகின்றன. எங்கள் படித்துறையில் எழுத்தே இல்லை, ஆனால் எத்தனையாவது படிக்குக் கீழே ஆபத்து என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும், அதை மீறினால் கரையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அதட்டி மேலே ஏற்றுவார்கள். இங்கே அந்த வேலை முழுவதும் ஒருவர் தலையில் இருக்கிறது. வண்ணம் தீட்டி அந்த எண்களைப் புதுப்பிக்க ஒரு நாள் போதும்.

கட்டணம்: மாதம் 12 வகுப்புக்கு 1,800 ரூபாய், பயிற்சி இல்லாமல் நீந்த மணிக்கு 150 ரூபாய். பராமரிப்புச் செலவைப் பார்த்தால் இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் வாங்கும் என்னால் கொடுக்க முடிகிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலைக்குப் போகிறவர் வீட்டிலோ, கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் வீட்டிலோ இரண்டு பிள்ளைகளை அனுப்ப முடியாது. பள்ளத்தில் மூழ்கி இறந்த அந்த மாணவன் வீட்டிலும் முடிந்திருக்காது.

ஊருணியில் காசு கிடையாது. அதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊருணி எல்லோருக்குமான ஊருணியாக இருந்ததில்லை. பதினொரு படி கொண்ட துறை எங்கள் தெருக்களுக்கு மட்டுமே. ஊருக்கு வெளியே இருந்த தெருவின் பிள்ளைகள், படியே இல்லாத மேற்குக் கரையில், மாடு இறங்கும் சரிவில்தான் குளித்தார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி அந்தச் சரிவில் நீந்தப் பழகினாள். நான் எதிர்க்கரை தொட்டுத் திரும்பிய அந்த நாளில் அவள் கரையில் நின்று கையசைத்தது நினைவிருக்கிறது. என் துறைக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை, வரவும் விட்டிருக்க மாட்டார்கள், அதைப் பற்றி நான் கேட்டதுமில்லை. ஊருணியை நினைத்து ஏங்கும்போதெல்லாம் அந்த மேற்குக் கரையும் கூடவே நினைவுக்கு வருகிறது. இந்தக் குளத்தில் பேத்தியோடு கம்பியைப் பிடித்து வரிசையாக நிற்கும் ஒன்பது பிள்ளைகளில் யார் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. ஒரே ஏணியில் இறங்கி ஒரே ஏணியில் ஏறுகிறார்கள். அதை ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் கட்டணம் கேட்கும் மேசையைத் தாண்டி வர முடிந்த பிள்ளைகள் அவர்கள் என்பதையும் மறக்கவில்லை.

இதனால்தான் விடுதியாரிடம் எழுத்து மூலம் இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். பெண்களுக்கான நேரத்தை மாலைக்கு மாற்ற வேண்டும் என்பது முதலாவது. வாரத்தில் இரண்டு நாள், காலியாகவே கிடக்கும் காலை 9 முதல் 10 மணி வரையிலான நேரத்தை, சுற்று வட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் விட வேண்டும் என்பது இரண்டாவது. பயிற்சியாளர் அம்மா வார நாளில் ஒரு மணி நேரம் தன் பங்காகத் தருவதாக என்னிடம் சொல்லிவிட்டார். முதல் கோரிக்கைக்கு ஆவணியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாலை 5 மணி என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாவதை உரிமையாளரிடம் கேட்டுச் சொல்வதாக மேலாளர் கூறினார். கேட்கும்வரை நானும் விடப்போவதில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் செல்லும் பேருந்தில் ஏறி, உச்சிப்புளியைத் தாண்டி இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். முதல் நாள் வகுப்பில் சேராமல், ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், அனுமதிக்கிறார்கள். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் இரண்டு மாதம் குளத்தை மூடிவிடுவார்கள், ஆகவே இப்போதே சேர்வது நல்லது. என் பேத்தி 34-ஆவது வகுப்பில் 25 மீட்டரையும் நிற்காமல் கடந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, "அம்மாச்சி, உங்க ஊரணி இதைவிடப் பெருசா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப்போய், வெளியே தெரிகிற அந்த ஆறு படிகளையும் காட்டினேன். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கி, கடைசிப் படியில் நின்று, மிச்சம் ஐந்து எங்கே என்று கேட்டாள். அவள் நின்ற இடத்துக்குக் கீழே என்று காட்டினேன்.